அதே இரண்டு ஊர்கள்

வாந்தா விமான நிலையம். ஜன்னல் இல்லாத அறை.
இரவுப் பணி எனக்கு.
ஓட்டிகள் வந்து கையெழுத்திடுமுன்
அவர்கள் போகவேண்டிய கோட்டை
நான் வரைந்து முடித்திருக்க வேண்டும்.

ஹெல்சிங்கி, நகோயா.
உருண்டையில் நூலை வைத்து இழுத்துப் பிடித்தால்
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், கிட்டத்தட்ட.
நூல் முக்கால்வாசி ரஷ்யாவின் மேல் கிடக்கும்.
ஒன்பதரை மணி நேரம்.
ஒரு மணிக்குக் கிளம்பி
சாப்பாடு, ஒரு படம், அரைத் தூக்கம்,
இறங்கினால் அங்கே மாலை ஐந்தரை.
ஷிகேகி வேலை விட்டு வரும் நேரம்.
காலி இருக்கை இருந்தால் ஊழியருக்கு இலவசம்.
மாதம் ஒருமுறையாவது காலியாக இருந்தது.

பிறகு போர் வந்தது, வானத்தைச் சாத்தினார்கள்.
வானத்துக்கு ஏது கதவு என்று கேட்டால்
எனக்கு வந்த ஒரு பக்கச் சுற்றறிக்கையில்
அது இருந்தது, தாழ்ப்பாளோடு.

இப்போது வடக்கே போகிறோம்.
ஸ்வால்பார்ட், துருவம்,
அலாஸ்காவின் மூக்கைத் தொட்டுத் திரும்பி
பசிபிக் நெடுகக் கீழே.
பதின்மூன்று மணி நேரம்.
ஊர்கள் இரண்டும் ஓரடி நகரவில்லை.

துருவத்தின் மேல் காந்த ஊசியை நம்பக் கூடாது.
எரிபொருள் உறைகிறதா என்று பார்த்துக்கொண்டே
பறக்க வேண்டும்.
உறையப் போனால் இறங்கு, இல்லையேல் விரைந்து போ.
முந்நூறு பேருக்கு இரண்டு குளிர் உடுப்பு
பின்பக்க அலமாரியில் இருக்கிறது.
யார் அந்த இருவர் என்று
கையேட்டில் தேடினேன். ஒருமுறைதான்.

எங்கள் வடக்கே ஒரு பழைய அளவு உண்டு:
பனிமான் சிறுநீருக்கு நிற்காமல் ஓடக்கூடிய தூரம்.
ஏழரைக் கிலோமீட்டர் என்பார்கள்.
ஷிகேகியிடம் சொன்னபோது
கணிப்பொறியைத் தட்டிவிட்டு
'ஆயிரத்து நாற்பது தடவை' என்றான்.
'பாவம் அந்த மான்' என்றான்.
திருகாணித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன்.
நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும்
சிவப்புத் தொட்டியில் எறிந்துவிடுவான்.
பாதை மாறியபின்
அவன் மறுபடி வகுத்துப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். சொல்லவில்லை.

இறங்கினால் இரவு ஒன்பது.
அவன் சாப்பிட்டிருப்பான்.
என் பங்கை மூடி வைத்திருப்பான், ஒழுங்காக,
மீனுக்குத் தனி, சோற்றுக்குத் தனி.
நான் சூடாக்கித் தின்பதைப் பார்த்தபடி
எதிரில் உட்கார்ந்து கொட்டாவியை விழுங்குவான்.
காலையில் ஆறரைக்கு எழ வேண்டும் அவனுக்கு.

நாலு மணி நேரத்துக்காக யாரும் பிரிவதில்லை.
பிரிந்தபின் சொல்வதற்கு
அது வசதியாக இருந்தது, இருவருக்கும்.

தொலைபேசி இருந்ததே என்பீர்கள்.
இருந்தது. கூப்பிடு தூரம்தான் நகோயா.
ஆனால் பேச்சும் சுற்றிப் போகத் தொடங்கியிருந்தது.
வருகிறாயா என்று கேட்டால்
அங்கே பனி எப்படி என்பான்.
நானும் பனியைப் பற்றியே சொல்வேன்,
எத்தனை அங்குலம், எந்த ஓடுதளம்.
குரலுக்கு எந்த நாடும் வானத்தைச் சாத்தவில்லை.

ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு கட்டம் உண்டு,
காலியாக விட்டால் கணினி ஏற்காது:
சேருமிடம் சேர முடியாவிட்டால் எங்கே இறங்குவது?
ஃபேர்பாங்க்ஸ் என்று எழுதுகிறேன். சப்போரோ என்று எழுதுகிறேன்.
வீட்டில் அப்படிக் கட்டம் எதுவும் இல்லை.

இன்று காற்று சாதகம்.
பன்னிரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம்.
இருபத்திரண்டு நிமிடம் மிச்சம்.
முன்பென்றால் இந்நேரம் அவனை எழுப்பிச் சொல்லியிருப்பேன்,
அவனும் அரைத்தூக்கத்தில்
'மூன்று மான் குறைச்சல்' என்று ஏதாவது தப்புக் கணக்கு.

மணி பதினொன்றரை. அங்கே ஆறரை.
விமானத்தில் இருநூற்று எழுபத்தோரு பேர்.
பெயர்கள் எனக்குக் காட்டப்படுவதில்லை, எடை மட்டும்.
ஏழு இருக்கை காலி.

அனுப்பு பொத்தானை அழுத்துகிறேன்.
அடுத்தது பாங்காக்.